ஒன்பதாவது நாற்காலி

நாகர்கோவில் எங்கே இருக்கிறது என்று
கேட்டார் வாடிக்கையாளர்.
ரயில் முடியும் ஊருக்கு
ஒரு நிறுத்தம் முன்னால், என்றேன்.
மழைக்கு நெட்வொர்க் போகுமா?
கரண்ட் போகும், நெட்வொர்க் போகாது,
இரண்டு ஜெனரேட்டர் உண்டு, என்றேன்.
ஒன்றுதான் இருந்தது.

எழுபது கிளைகள், நாற்பது லட்சம் பாலிசிகள்,
இருபது வருடக் கணக்கு
பழைய சர்வரிலிருந்து க்ளவுடுக்கு ஏற வேண்டும்.
(மேகம் என்று எங்களில் யாரும் சொல்வதில்லை.
மேகம் வேளிமலையில் நிற்பது.
அது இறங்கினால்
பைக்கில் வருகிறவர்கள் அரை மணி பிந்துவார்கள்.)
ஒன்பது பேர் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

எட்டுப் பேர் எப்படியோ சேர்ந்தார்கள்.
குளச்சல் ஆன்றோ ரெக்ஸ்,
பெங்களூரில் எட்டு வருடம் டேட்டாபேஸ் மேய்த்துவிட்டு
பிள்ளை முகம் மறக்குது என்று திரும்பியவன்.
திருவிதாங்கோடு மாஹீன், பேசமாட்டான்,
அவன் எழுதிய கோடுக்கு
யாரும் விளக்கம் கேட்டதில்லை.
செக்யூரிட்டிக்கு அருமனை ஸ்ரீகலா;
வீட்டைப் பூட்டிவிட்டு
மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன் என்று
இன்டர்வியூவில் அவளே சொன்னாள்.
அதற்காகவே எடுத்தேன்.
கல்லூரி முடித்த கையோடு மூன்று பேர்.
மீதி இரண்டு பேரைப் பற்றி எழுதினால்
கோபிப்பார்கள்.

ஒன்பதாவது நாற்காலியில்
ஹெல்மெட்டுகளை வைத்திருந்தோம்.

அதற்கு வந்தவர்களிடம்
வெள்ளைப் பலகையில் என் வரைபடத்தைக் காட்டுவேன்.
நன்றாக இருக்கிறது மேடம்.
ரொம்ப நன்றாக இருக்கிறது மேடம்.
ஒருவன், படம் எடுத்துக்கொள்ளலாமா என்றான்.

இரவிபுத்தன்துறை விஜிலா உட்காரவே இல்லை.
பலகைக்குப் பக்கத்தில் போய்
இந்தப் பெட்டி செத்தா
எல்லாம் சேந்து செத்துருமே, என்றாள்.
சாகாது.
ஏன் சாகாது?
என்னிடம் பதில் இருந்தது, நீளமான பதில்.
முழுக்கக் கேட்டுவிட்டு
இல்ல மேடம், செத்துரும், என்றாள்.
பிறகு தெரிவிக்கிறோம் என்று அனுப்பிவிட்டேன்.

இரவு பதினோரு மணி.
விளக்கை அணைக்கப் போன கை
சுவிட்சிலேயே நின்றது.
அந்தப் பெட்டி.
எல்லா அம்பும் அதற்குள்தான் போகின்றன.
சுற்றிப் போக ஒரு கோடு இல்லை.
பதினான்கு வருட அனுபவத்தோடு
நான் வரைந்தது.

காலையில் அழைத்தேன்.
கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனி
ஏற்கெனவே கடிதம் கொடுத்திருந்தது,
என்னைவிடப் பதினாறாயிரம் கூடுதல்.
பணத்தைப் பற்றியும் பேசினாள், பிறகு.
முதலில் கேட்டது வேறு:
"நான் வேண்டாம்னு சொன்னா எழுதி வைக்கணும்.
கேக்கணும்னு இல்ல. எழுதி வைக்கணும்."

ஒரு நோட்டு வாங்கினேன்.

மூன்று மாதம் கழித்து அதில்:
சனி இரவு ரிலீஸ். விஜிலா: வேண்டாம்.
காரணம்: பாதியில் நின்றால்
திரும்பி வரும் வழியை
யாரும் நடந்து பார்க்கவில்லை.
ஆன்றோ மேசையைத் தட்டினான்.
நாளொன்றுக்கு அபராதம் எவ்வளவு என்று
மும்பை நிதானமாகப் படித்துக் காட்டியது.
போனில் இருந்த மௌனத்துக்கும் சேர்த்து
நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஐந்து நாள் தள்ளிவைத்தேன்.
எங்களுக்குள் ஒரு போலிச் சாவு நடத்தி
ஒவ்வொரு படியாகப் பின்னால் நடந்தோம்.
மூன்றாம் நாள் மாலை மாஹீன் பேசினான்:
"இங்க வழி இல்ல."

யாரும் விஜிலாவைப் பார்க்கவில்லை.
அவளும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
ஆன்றோ எழுந்து கீழே போய்
ஒன்பது டீயும் ரசவடையும் வாங்கி வந்தான்.
அவளுக்கு மட்டும் இரண்டு வடை.

அடுத்த வெள்ளி விடியலில் எல்லாம் ஏறியிருந்தது,
பதினேழு பாலிசிகளைத் தவிர.
அவற்றை ஞாயிறுவரை தேடினோம்.
அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு இல்லை.

இப்போது ஹெல்மெட்டுகள் தரையில் கிடக்கின்றன.
நேற்று நோட்டைப் புரட்டினேன்.
முதல் பக்கத்தில், நான் பார்க்காத ஒரு வரி,
அவள் சேர்ந்த நாளின் தேதியோடு:
ஜெனரேட்டர் ஒன்றுதான் இருக்கிறது.